‘சரி’ என்று சொன்னது எதற்கு? தொலைபேசி ஆர்டரும் சொல்லப்படாத விலையும்

வாசகி ஒருவரிடமிருந்து வந்த நீண்ட கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன்.

அவருடைய தந்தைக்கு வயது 71, முழங்கால் வலி இருக்கிறது. தொலைக்காட்சி விளம்பரத்தில் ஒரு மசாஜ் கருவியைப் பார்த்து, திரையில் ஓடிய எண்ணுக்கு அவரே போன் செய்திருக்கிறார். எதிர்முனையில் பேசிய பெண் கருவியின் விலையைச் சொன்னார். ‘எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு ஆகும்?’ என்று அப்பா மூன்று முறை கேட்டிருக்கிறார். மூன்று முறையும் ‘அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் ஐயா’ என்றே பதில் வந்திருக்கிறது. ‘பதிவுக்காக’ என்று கிரெடிட் கார்டு எண்ணையும் வாங்கிக்கொண்டார்கள். பார்சல் வந்தபோது பில்லில் அனுப்பும் கட்டணம், கையாளும் கட்டணம், நீட்டித்த உத்தரவாதம் என்று மூன்று வரிகள் கூடுதலாக இருந்தன. சொன்ன விலையைப் போல் ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. கூரியர் ஊழியர் வாசலில் அவசரப்படுத்தியதால் அப்பா கையெழுத்துப் போட்டு, ரொக்கமாகக் கொடுத்துவிட்டார். மூன்று வாரம் கழித்து, கேட்காத ஜெல் பட்டைகள் ஒரு பெட்டி வந்தது. அதற்கான பணம் கார்டிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. மாதந்தோறும் இப்படி வருமாம்.

கருவி வந்த மறுநாளே மகள் போன் செய்து கேட்டபோது, அவர்கள் ஒலிப்பதிவின் சில நொடிகளைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ‘அனுப்பி வைத்துவிடலாமா ஐயா?’ என்ற கேள்வி; ‘சரி, சரி’ என்று அப்பாவின் குரல். ‘ஒப்புதல் கொடுத்துவிட்டார், பெட்டியையும் பிரித்துவிட்டீர்கள், திருப்பி எடுக்க முடியாது’ என்று இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். எழுத்தில் எதுவும் இல்லாதபோது இது ஒப்பந்தமே இல்லை என்று வாதாடலாமா, முழுப் பணமும் கிடைக்குமா, போலீசுக்குப் போகலாமா என்பவை வாசகியின் கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ‘அப்பா இப்போதெல்லாம் போன் அடித்தால் எடுப்பதில்லை, எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறார்.’ சட்டத்துக்குப் போவதற்கு முன் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் மொத்த விலையை மூன்று முறை கேட்டிருக்கிறார். அந்த அழைப்பில் ஒரு வழக்கறிஞரை அவர் பக்கத்தில் உட்கார வைத்திருந்தாலும், அவரும் முதலில் அதைத்தான் கேட்கச் சொல்லியிருப்பார். கேட்க வேண்டியதைக் கேட்டவர் உங்கள் அப்பா. பதில் சொல்ல வேண்டியவர்கள்தான் சொல்லவில்லை. நான் சொன்னதாகவே இதை அவரிடம் சொல்லுங்கள்.

எந்த நாட்டில் வசிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தொலைபேசி விற்பனைக்கான விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். எங்கும் பொதுவாக நிற்கும் அடிப்படையைச் சொல்லி, சில நாட்டுச் சட்டங்களில் அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் காட்டுகிறேன். உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான்

‘எழுத்தில் எதுவும் இல்லை, அதனால் ஒப்பந்தமே இல்லை’ என்ற வாதத்தை விட்டுவிடுங்கள். அது பெரும்பாலான இடங்களில் நிற்காது. பேச்சிலேயே ஒப்பந்தம் உருவாகும் என்பது பழைய சட்டம். ஒருவர் சொன்ன சம்மதம் மற்றவர் காதில் விழுந்தால்தான் அது நிறைவடைகிறது என்று 1955-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கில் விளக்கியது. நடுவில் லைன் அறுந்துபோனால் திரும்ப அழைத்துச் சொல்ல வேண்டும், கேட்காத சம்மதம் சம்மதமாகாது என்று நீதிபதி டென்னிங் அதில் உதாரணம் காட்டினார். தொலைபேசி ஒப்பந்தங்களுக்கு அதே வழியை இந்திய உச்ச நீதிமன்றமும் 1965-இல் ஏற்றுக்கொண்டது.

அந்த வாதத்தை விடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒப்பந்தம் இருப்பதுதான் உங்களுக்கு நல்லது. வாயால் பேசியதே ஒப்பந்தம் என்றால், வாயால் சொல்லாத தொகை அதற்குள் வராது. அப்பா காதால் கேட்டது ஒரே ஒரு விலை. கையாளும் கட்டணம் என்ற சொல்லே அந்த அழைப்பில் வரவில்லை என்கிறீர்கள். அப்படியானால் அந்த வரி, பேசி முடித்த ஒப்பந்தத்துக்குப் பிறகு விற்றவர் தன்னிச்சையாகச் சேர்த்தது. இந்த இடத்தில் நின்று பேசுங்கள். ஒப்பந்தமே இல்லை என்று தொடங்கினால், உங்கள் கையில் இருக்கும் நல்ல பிடியை நீங்களே நழுவ விடுகிறீர்கள்.

அந்தச் ‘சரி’

ஒலிப்பதிவைக் கேட்டு நீங்கள் கலங்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதைப் படித்துச் சற்றுத் தெம்படைந்தேன்.

நம் மொழியில் ‘சரி’ என்பது என்னவெல்லாம் செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். எதிரில் இருப்பவர் பேசப் பேச, ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள்’ என்பதற்கு ஒரு சரி. பேச்சை முடித்துக்கொள்ளலாம் என்பதற்கு ஒரு சரி. புரியாவிட்டாலும் மரியாதைக்காக ஒரு சரி. வயதானவர்கள் போனில் பேசும்போது மூச்சுக்கு மூச்சு இந்தச் சொல் விழும். உண்மையான சம்மதத்துக்கும் அதே சொல்தான். ஆகவே ஒலிப்பதிவில் ‘சரி’ இருக்கிறதா என்பதோடு விஷயம் முடிந்துவிடாது. அதற்கு முந்தைய வாக்கியம் என்ன என்று பார்க்க வேண்டும். அவர்கள் போட்டுக் காட்டிய துண்டில் கேள்வி, ‘அனுப்பி வைத்துவிடலாமா?’ என்பது மட்டுமே. அதில் தொகை இல்லை, உத்தரவாதத் திட்டம் இல்லை, மாதாமாதம் பட்டைகள் வரும் என்ற பேச்சும் இல்லை. அப்பா சம்மதித்தது கருவியை அனுப்புவதற்கு. அதை நாம் மறுக்கவே வேண்டாம்.

எனவே ஒலிப்பதிவுக்குப் பயப்படாமல் அதைக் கேட்டு வாங்குங்கள். ஒரு துண்டு போதாது, அழைப்பு தொடங்கியதிலிருந்து முடிந்தது வரை முழுவதும் வேண்டும். மூன்று முறை கேட்ட கேள்வியும் தட்டிக்கழித்த மூன்று பதில்களும் அதில்தான் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி ஒருவரின் பதிவு செய்யப்பட்ட குரலும் அவருடைய தனிப்பட்ட தரவு. நகல் கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். கேட்க வேண்டியவர் அப்பா; அவர் கையெழுத்தோடு கடிதம் போகட்டும். இப்படிப்பட்ட சட்டம் இல்லாத இடத்திலும் கேட்டு வையுங்கள். ‘சம்மதித்தார்’ என்று சொல்பவர்தான் அதைக் காட்ட வேண்டும். துண்டைக் காட்டி முழுவதையும் மறைத்தால், விசாரிப்பவர் அதற்கான காரணத்தைக் கேட்காமல் இருக்க மாட்டார்.

ஒரு எச்சரிக்கை. இனிமேல் அவர்களோடு பேசும்போது நீங்களே பதிவு செய்யலாம் என்று தோன்றலாம். சில இடங்களில், கலிஃபோர்னியா மாநிலம் ஓர் உதாரணம், அந்தரங்க உரையாடலை எல்லாத் தரப்பினரின் சம்மதமும் இல்லாமல் பதிவு செய்வது குற்றம். தெரியாமல் அதில் இறங்காதீர்கள். எழுத்தில் பேசுங்கள், அது தானாகவே பதிவாகும்.

விலை என்றால் கடைசித் தொகை

கடையில் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்கலாம், பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கலாம். போனில் வாங்குபவருக்கு இருப்பது காது ஒன்றுதான். எதை எப்போது சொல்வது என்பது முழுக்க விற்பவர் கையில். அதனால்தான் தொலைவிலிருந்து விற்பதற்குப் பல நாடுகள் தனி விதி வைத்திருக்கின்றன.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை நெறிமுறை இதில் மிகத் தெளிவானது. 2014 ஜூன் 13 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாங்குபவர் கட்டுப்படுவதற்கு முன்பே, வரிகள் உட்பட மொத்த விலையையும், அனுப்பும் கட்டணம் போன்ற கூடுதல் செலவுகளையும் சொல்லிவிட வேண்டும். தொலைபேசியில் நேரம் குறைவு என்ற சமாதானமும் செல்லாது. சுருக்கமாகச் சொல்ல வேண்டியவற்றின் பட்டியலிலும் மொத்த விலை இருக்கிறது. கூடுதல் கட்டணத்தைச் சொல்லவில்லையென்றால் வாங்கியவர் அதைக் கொடுக்க வேண்டியதில்லை. சொன்னோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு விற்றவருடையது. பிரிட்டன் 2013-இல் கொண்டுவந்த ஒழுங்குவிதிகளும் இதே வழியில் எழுதப்பட்டவை. நீங்கள் இந்த நாடுகளில் இருந்தால், அனுப்பும் கட்டணத்தையும் கையாளும் கட்டணத்தையும் திருப்பிக் கேட்பதற்குப் பெரிய வாதமே தேவையில்லை.

நீட்டித்த உத்தரவாதம் வேறு வகை. அது முதன்மைப் பொருளுக்கு மேல் சேர்த்து விற்கும் தனிப் பொருள். அதற்குத் தனியாக, வெளிப்படையான சம்மதம் வேண்டும். மாதாந்திரப் பட்டைகளுக்கும் அதுவே பொருந்தும். கேட்காத பொருளை அனுப்பிவிட்டு, மறுக்கவில்லையே என்று பணம் கேட்க முடியாது. பதில் சொல்லாமல் இருந்ததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அந்த நெறிமுறை நேரடியாகவே சொல்கிறது. அமெரிக்காவில், கேட்காமல் தபாலில் வந்த பொருளைப் பெற்றவர் அன்பளிப்பாகவே வைத்துக்கொள்ளலாம் என்று 1970-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

இந்தியாவில், 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தொலைக்கடை (டெலிஷாப்பிங்) வழியாகவும் மின்னணு வழியிலும் வாங்குபவரையும் நுகர்வோர் என்றே சேர்த்துக்கொள்கிறது. விலையைப் பற்றித் தவறான எண்ணம் ஏற்படுத்துவது முறையற்ற வணிகமாகும். குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். பழைய சட்டத்தில் இல்லாத வசதி இது. வயதானவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அலைந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

யார் யாரை அழைத்தது?

இதைப் பலரும் கவனிப்பதில்லை. தொலைபேசியில் வாங்கினால் மனம் மாறித் திருப்பிக் கொடுக்க எல்லா நாட்டிலும் சில நாள் அவகாசம் உண்டு என்று நீங்கள் எங்கோ படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு பொது விதி இல்லை.

ஐரோப்பிய விதியிலும் பிரிட்டன் விதியிலும் 14 நாள் உண்டு, யார் அழைத்திருந்தாலும். பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கணக்கு. உங்களுக்கு மூன்று வாரம் தாண்டிவிட்டதே என்று மனம் தளர வேண்டாம். இந்த உரிமை இருப்பதையே விற்றவர் தெரிவிக்கவில்லையென்றால், அவகாசம் மேலும் 12 மாதம் நீள்கிறது. ஆஸ்திரேலியாவில் 10 வேலை நாள் உண்டு, ஆனால் விற்பவர் தானாக அழைத்து விற்றிருந்தால்தான். உங்கள் அப்பாவே அழைத்திருப்பதால் அது பொருந்தாது. அமெரிக்காவில் வீட்டு வாசலில் விற்பவர்களுக்கு எதிராக இருக்கும் 3 நாள் அவகாசம், முழுக்க முழுக்கத் தொலைபேசியில் முடிந்த விற்பனைக்குக் கிடையாது. அங்குள்ள தொலைபேசி விற்பனை விதி, பணத்துக்குச் சம்மதம் வாங்கும் முன் மொத்தச் செலவைச் சொல்லச் சொல்கிறது. ஆனால் விளம்பரத்தைப் பார்த்து வாடிக்கையாளரே அழைக்கும் அழைப்புகள் பலவற்றுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. அந்த விலக்கும் அழைப்பின் நடுவில் கூடுதலாகத் தள்ளிவிடும் பொருள்களுக்குக் கிடைக்காது. அதாவது கருவிக்கு விலக்கு இருந்தாலும், உத்தரவாதமும் பட்டைகளும் விதிக்குள் வந்துவிடும்.

இந்தியாவில் மனம் மாறியதற்காக மட்டும் திருப்பிக் கொடுக்கும் பொது அவகாசம் கிடையாது. அங்கே இருந்தால் மறைக்கப்பட்ட விலையைக் காரணமாகக் காட்டுங்கள்.

பிரித்த பெட்டியும் போட்ட கையெழுத்தும்

பெட்டியைப் பிரித்தாலே எல்லாம் முடிந்தது என்பது விற்பவர்கள் வழக்கமாகச் சொல்வது. 2019 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு ஒரு மெத்தை வழக்கு வந்தது. இணையத்தில் வாங்கிய மெத்தையின் பாதுகாப்பு உறையை ஒருவர் கிழித்துவிட்டார், சுகாதாரக் காரணத்தால் திரும்ப எடுக்க முடியாது என்றார் விற்றவர். போட்டுப் பார்த்த துணியைத் திரும்ப விற்க முடிவதைப் போல மெத்தையையும் சுத்தம் செய்து விற்க முடியும், ஆகவே உரிமை போகாது என்று நீதிமன்றம் சொன்னது. உங்கள் கருவிக்கும் இதே தர்க்கம் பொருந்தும். ஜெல் பட்டைகள் உடலில் ஒட்டுபவை. உறை பிரித்த பட்டையைத் திருப்புவது கடினம். இரண்டாவது பெட்டியைத் தயவுசெய்து பிரிக்காதீர்கள்.

கூரியர் தாளில் போட்ட கையெழுத்து, பார்சல் வந்து சேர்ந்தது என்பதற்கான அத்தாட்சி. பில்லில் இருந்த எல்லா வரிகளையும் ஒப்புக்கொண்டதாக அதைத் திரிக்க முடியாது. அதே சமயம், பணத்தைக் கொடுத்தது நமக்குச் சற்றுப் பாதகம்தான் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ‘தெரிந்துதானே கொடுத்தார்’ என்பார்கள். வாசலில் ஆள் நின்ற அவசரம், பில் அப்போதுதான் முதல்முறையாகக் கண்ணில் பட்டது, மறுநாளே நீங்கள் போன் செய்து ஆட்சேபித்தது, இந்த மூன்றையும் வரிசையாக எழுதி வையுங்கள். உங்கள் போனின் அழைப்புப் பட்டியலில் அந்த நாளும் நேரமும் இருக்கும். அது அழிவதற்குள் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி செய்ய வேண்டியது

முதல் வேலை கார்டு, அதுவும் இன்றே. வங்கிக்கு எழுதி, இந்த நிறுவனத்துக்குப் போகும் மாதாந்திரப் பிடித்தத்தை நிறுத்தச் சொல்லுங்கள். எடுத்த தொகையை ஒப்புதல் இல்லாத பிடித்தம் என்று ஆட்சேபியுங்கள். இதற்குக் காலக்கெடு உண்டு. அமெரிக்காவில் கிரெடிட் கார்டுக் கணக்கு அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாள். ரொக்கமாகக் கொடுத்த தொகைக்கு இந்த வழி கிடையாது, அதை நிறுவனத்திடமிருந்துதான் வாங்க வேண்டும்.

அடுத்து, அப்பாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள். கருவியை இரண்டு நாள் போட்டுப் பார்த்ததில் ‘கொஞ்சம் இதமாக இருந்தது’ என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கோபத்தில் நீங்கள் முழுப் பணமும் வேண்டும் என்கிறீர்கள். அவருக்குக் கருவி வேண்டுமானால், சொன்ன விலைக்கு அதை வைத்துக்கொண்டு கூடுதல் தொகையை மட்டும் கேட்பதுதான் வேகமான வழி, எந்த நாட்டிலும் வலுவான வழியும் அதுவே. வேண்டாம் என்றால் மொத்தத்தையும் திருப்புங்கள். ஆனால் அந்த உரிமை நீங்கள் இருக்கும் நாட்டைப் பொறுத்தது, திருப்பி அனுப்பும் செலவும் உங்கள் மேல் விழலாம். முடிவை அவர் எடுக்கட்டும். பொருள் அவருடையது.

பிறகு நிறுவனத்துக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும். நீளமாக வேண்டாம். இந்த அளவு போதும்:

‘இன்ன தேதியில், இன்ன நேரத்தில் தொலைபேசி வழியாக ஆர்டர் செய்தேன். எனக்குச் சொல்லப்பட்ட விலை இவ்வளவு. மொத்தத் தொகையை மூன்று முறை கேட்டும் சொல்லப்படவில்லை. பில்லில் உள்ள அனுப்பும் கட்டணம், கையாளும் கட்டணம், நீட்டித்த உத்தரவாதம் ஆகியவற்றுக்கு நான் சம்மதிக்கவில்லை. மாதாந்திரப் பட்டைகளை நான் கேட்கவில்லை. அந்தப் பெட்டி பிரிக்கப்படாமல் இருக்கிறது, உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளலாம். இந்தத் தொகைகளை 15 நாளுக்குள் திருப்பித் தரவும், அழைப்பின் முழு ஒலிப்பதிவின் நகலை அனுப்பவும் கேட்டுக்கொள்கிறேன்.’

‘ஏமாற்றுக்காரர்கள்’ என்பன போன்ற சொற்கள் வேண்டாம். இந்தக் கடிதத்தை நாளை நடுநிலையான ஒருவர் படிப்பார் என்று நினைத்து எழுதுங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் அமைப்புக்குப் போகலாம். இந்தியாவில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் தொடங்கலாம்.

போலீஸைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிறுவனத்துக்கு முகவரி இருக்கிறது, போன் எடுக்கிறார்கள், பொருளும் வந்திருக்கிறது. இந்த நிலையில் நுகர்வோர் புகார்தான் பலன் தரும். கார்டு எண்ணை வைத்து நீங்கள் அறியாத வேறு பிடித்தங்கள் நடந்திருந்தால் கதை மாறும். அப்போது வங்கிக்கும் போலீசுக்கும் அன்றே தெரிவியுங்கள்.

ஒலிப்பதிவு வந்ததும் அதை நீங்கள் தனியாகக் கேட்க வேண்டாம். அப்பாவை உட்கார வைத்துச் சேர்ந்து கேளுங்கள். கையில் ஒரு தாள் வைத்துக்கொண்டு, அவர் ‘மொத்தம் எவ்வளவு?’ என்று கேட்கும் ஒவ்வொரு இடத்திலும் நிமிடத்தையும் நொடியையும் அவரையே குறிக்கச் சொல்லுங்கள். அந்தத் தாளைப் புகாரோடு இணைக்கலாம்.